நசுங்கல்

பள்ளத்தூர் வீட்டுக்குத்
தராசோடு வந்துவிட்டார் காரைக்குடிக் கடைக்காரர்.
இரண்டாங்கட்டு முழுக்க என் சீர்ச் சாமான்:
காகிதம் பிரிக்காத எவர்சில்வர் டஜன்கள்,
வைக்கோலுக்குள் பீங்கான்.
ஒன்றிலும் ஒருவரும் ஒருவாய் தின்றதில்லை.

எல்லாவற்றிலும் 'வ.சி.' என்று வெட்டியிருக்கிறது.
"பேரை உரசிடவா?"
உரசுங்கள்.
வேளச்சேரி அலமாரிக்கு மூன்றே தட்டு.

பித்தளைச் செம்பைத் தூக்கிப் பார்த்து
"நசுங்கல். கிலோவுக்கு இருபது குறையும்" என்றார்.
வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன்.

சோலையப்பனைக் குறிவைத்து நான் எறிந்தது.
வட்டிக் கணக்கா, வெங்காயக் கோசில் உப்பா,
எதற்கென்று மறந்துபோச்சு.
குறி தப்பித் தேக்குத் தூணில் பட்டது.
சிரிப்பை அடக்க
அந்த மனுஷர் பட்ட பாடு!

தூணிலுள்ள மறுபாதி
பதினொரு புள்ளிக்கும் பொது.