மூன்றாவது சனிக்கிழமை

மூன்று வாரத்துக்கு ஒருமுறைதான்
டிப்போவில் எனக்கொரு சனிக்கிழமை தருகிறார்கள்.
அதை அப்படியே
பன்றிக்கறிக்குக் கொடுத்துவிடுவேன்.

நேற்று கடைசி டிரிப்பை முடித்து
யூனிபார்மோடு கசாப்புக் கடையில் நின்றேன்.
தோலோடு இரண்டு கிலோ.
கீறலை நெருக்கமாகப் போடுங்கள்,
கத்தி கொழுப்போடு நிற்கட்டும், கறியைத் தொட வேண்டாம்.
முப்பது வருடமாகக் கடை வைத்திருப்பவரிடம்
இதைச் சொல்லத் தேவையில்லை.
ஆனாலும் சொல்வேன்.
அவரும் புதிதாகக் கேட்பதுபோலத் தலையாட்டுவார்.

இன்று ராண்டர்ஸ் முழுக்க மழை.
தட்டில் வெந்நீர் ஊற்றி
தோல் கீழே இருக்கும்படி கறியைக் கவிழ்த்து
ஓவனில் வைத்தேன். இருபது நிமிடம்.
அப்போதுதான் மால்தே வந்தான்,
பதினாறு வயது, ஒரு காலில் மட்டும் சாக்ஸ்.
ஃபிரிட்ஜிடம் சொல்வதுபோலச் சொன்னான்:
"நான் இனிமேல் கறி சாப்பிடுவதில்லை."

எப்போதிலிருந்து?

"செவ்வாய்க்கிழமையிலிருந்து."

செவ்வாய்க்கிழமை எனக்கு இரவு ஷிப்ட்.
புதனும் இரவு ஷிப்ட்.
வியாழனன்று டப்பாவில் வைத்துப்போன
கறி உருண்டைகள் காலியாகியிருந்தன.
மாடிவீட்டு கெல்டின் நாய்
இந்த வாரம் கொஞ்சம் பூசினாற்போலத் தெரிந்தது.
இரண்டையும் சேர்த்துப் பார்க்க
எனக்கு நேரமில்லாமல் போயிற்று.

சரி, என்றேன்.
வேறென்ன சொல்வது?
உருளைக்கிழங்கு இருக்கிறது. சிவப்புக் கோஸ் இருக்கிறது,
நேற்றே வினிகர் விட்டு வேகவைத்தது.
கதவு சாத்திக்கொண்டது.

கறியைத் திருப்பிப் போட்டேன்.
வெந்நீரில் கீறல்கள் வாய் திறந்திருந்தன.
ஒவ்வொன்றிலும் விரல்விட்டு உப்பைத் தேய்க்க வேண்டும்,
ஒன்றைக்கூட விடக் கூடாது.
சுண்டுவிரலில் எங்கோ காயம் இருப்பதை
உப்புதான் எனக்குச் சொன்னது.
பிரிஞ்சி இலைகளைச் செருகினேன்.
துண்டு ஒரு பக்கம் சரிந்தது.
அதன் அடியில் ஓர் உருளைக்கிழங்கை முட்டுக் கொடுத்தேன்,
பஞ்சரான பஸ்ஸுக்கு ஜாக்கி வைப்பதுபோல.
தோல் சமமாக நிற்காவிட்டால்
பாதி கருகும், பாதி ரப்பராகும்.

ஒன்றரை மணிநேரம்.
கோஸைச் சுடவைத்தேன்.
சர்க்கரையை உருக்கி
குட்டி உருளைக்கிழங்குகளை அதில் உருட்டினேன்.
மூன்றாம் நம்பர் பஸ் ஜன்னலைக் கடந்தது,
நான்கு நிமிடம் லேட்.
யார் ஓட்டுகிறார்கள் என்று எட்டிப் பார்க்கவில்லை.
பார்த்தேன். இங்கா.

கடைசிப் பதினைந்து நிமிடம்
தீயை முழுக்கக் கூட்டிவிட்டு
தரையில் உட்கார்ந்துவிடுவேன்,
கண்ணாடிக்கு நேராக.
இதை விட்டுவிட்டுப் போன் பேசியவர்கள்
கரியைத்தான் தின்றிருக்கிறார்கள்.

முதலில் ஒரு கொப்புளம்.
பிறகு பக்கத்தில் ஒன்று.
பிறகு தகரக் கூரையில் ஆலங்கட்டி விழுவதுபோல
சடசடவென்று மொத்தத் தோலும்.

கதவு திறந்தது.
ஒன்றும் பேசாமல் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்,
இப்போது இரண்டு காலிலும் சாக்ஸ்.
இரண்டு பேரும் பார்த்தோம்,
வராத பஸ்ஸைப் பார்ப்பதுபோல் இல்லை,
வந்துகொண்டே இருக்கிற ஒன்றை.

"அம்மா, தோல் கறியா?"

டிக்கெட் பரிசோதகர்களை எனக்குத் தெரியும்.
சிலர் குனிந்து, ஷூ கயிற்றைக் கட்டுவதுபோல் கட்டி,
பின்கதவால் ஒருவன் இறங்கும்வரை நிமிரமாட்டார்கள்.
நான் குனிந்து
கைத்துணியைத் தேடினேன்.
தோல், தோல்தான், என்றேன்.

நான்கு பட்டை தின்றான்.
தின்கிற சத்தத்தில்
மழை நின்றது எங்களுக்குத் தெரியவில்லை.
"இந்தக் குழம்பு எதில் செய்தது?" என்று கேட்க வாயெடுத்து
கேட்காமலே
உருளைக்கிழங்கின் மேல் ஊற்றிக்கொண்டான்.

மேஜை நடுவில்
சட்டை கழற்றிய மாதிரி
வெறும் கறி கிடக்கிறது.
திங்கள், செவ்வாய், புதன்:
கம்பு ரொட்டி, ஒரு துண்டு, மேலே கொஞ்சம் கோஸ்.
டிப்போவில் என் டப்பாவைத் திறந்தால்
இங்கா முள்கரண்டியோடு வருவாள்.

கசாப்புக் கடைக்காரரிடம்
அடுத்த முறை புதிதாக ஒன்று சொல்ல வேண்டும்:
அகலமான துண்டாகப் பார்த்துக் கொடுங்கள்.
கனம் குறைந்தாலும் பரவாயில்லை.