இடது இல்லை

எட்டாம் நெடுஞ்சாலையில், மழை விட்ட காலையில்,
ஒரு மோட்டார்சைக்கிள் போலீஸ்காரர்
பக்கவாட்டில் வந்து என்னை ஓரங்கட்டினார்.
"சென்யோரா, நீங்கள் நிற்கப்போவது
பின்னால் வருகிறவனுக்குத் தெரிவதே இல்லை."
பின் இருக்கையில் முப்பத்திரண்டு வட்டச் சீஸ்
ஈரத் துணி போர்த்தி உட்கார்ந்திருந்தன.
ஒரு வாரம் கெடு. கையெழுத்துப் போடச் சொன்னார்.
என் ஃபியட் ஊனோவுக்கு முப்பத்தாறு வயது.
திட்டினால் கிளம்பும். கொஞ்சினால் கிளம்பாது.

முதலில் ஃபியூஸ். பிடுங்கி வெயிலுக்கு நேரே பிடித்தேன்.
உள்ளே கம்பி முழுசாக இருந்தது,
எனக்குத்தான் முகம் விழுந்துபோயிற்று.
அது போயிருந்தால் பத்து பெசோவோடு தீர்ந்திருக்கும்.

பிறகு பல்ப். வலது பல்ப் அடுப்புப் பாத்திரம் போலக் கறுத்து,
குலுக்கினால் அறுந்த இழை கிலுங்கியது.
இடது விளக்குக் கூட்டில் தண்ணீர்,
அதில் ஒரு எறும்பு, எப்படிப் போனதோ.
இரண்டும் புதிது போட்டேன்.
அழுத்திவிட்டு ஓடினேன் பின்னால் பார்க்க.
காலை எடுத்தால் விளக்கு அணையும் என்பது
பாதி தூரத்தில்தான் உறைத்தது.

பிரேக் பெடலுக்கு மேலே கட்டைவிரல் அளவில் ஒரு சுவிட்ச்.
அதைப் பார்க்கத் தலை கீழே, கால் இருக்கையின் மேலே,
மூக்குக்கு நேரே பழைய சூயிங்கம்.
ரொட்டி விற்கும் பெண் சைக்கிளை நிறுத்தினாள்.
"உயிரோடு இருக்கிறீர்களா?"
"இருக்கிறேன்."
"ரொட்டி வேணுமா?"

சுவிட்சின் இரண்டு வயரையும் கழற்றி
கொண்டை ஊசியால் இணைத்தேன்.
சுவிட்ச்தான் செத்திருந்தால் இப்போது எரிய வேண்டும்.
எரிகிறதா?
ஊசியை விட்டால் நழுவுகிறது,
உச்சி வெயில், மதியத் தூக்கத்தில் ஊர்,
தெருவில் ஒரு நாய்கூட இல்லை.
பக்கத்து வீட்டு வால்டெமார் மட்டும் வாசலில்,
கக்கத்தில் ஃபிளாஸ்க், கையில் மாத்தேக் குடுவை.
நாங்கள் பேசி நாலு வருடம்.

காரின் அடியிலிருந்து கத்தினேன்,
பெயர் சொல்லாமல், பொதுவாக:
"எரியுதா பாருங்கள்!"
செருப்புச் சத்தம் வந்தது. பின்னால் போய் நின்றது.
"வலது உண்டு."
உறிஞ்சும் சத்தம்.
"இடது இல்லை."
"இன்னொரு தடவை!"
"இடது இல்லை. சிக்னல் விளக்குதான்
லேசாக எரியுது, திருட்டுத்தனமாக."

அப்போது பிடிபட்டது. எர்த்.
இடது பல்புக்குள் போன மின்சாரத்துக்குத்
திரும்பிப் போகும் வழி அடைபட்டிருக்கிறது.
அது பக்கத்து விளக்கின் கதவைத் தட்டி
அந்த வீட்டுக்குள் புகுந்து வெளியேறுகிறது.

டிக்கியின் மூலையில், ஜாக்கிக்குப் பின்னால்,
தகரத்தில் முறுக்கிய ஒற்றைத் திருகாணி.
வயரின் முனையெல்லாம் பச்சைக் களிம்பு.
நகம் தேய்க்கும் அரத்தால் தேய்த்தேன்,
பித்தளை மஞ்சள் தெரியும்வரை,
தகரம் பளிச்சிடும்வரை, என் நகம் ஒன்று உடையும்வரை.
முறுக்கினேன். மறுபடி தலைகீழானேன்.
ஊசி.

"உண்டு" என்றார்.
கொஞ்சம் கழித்து, "இரண்டும்."

சுவிட்ச் வாங்கப் பழைய சாமான் கடைக்குப் போக வேண்டும்
என்று காரிடம் சொல்வது போலச் சொன்னேன்.
"நாலு மணிக்குத்தான் திறப்பான்" என்று
அவரும் காரிடமே சொன்னார்.
குடுவையில் வெந்நீர் ஊற்றிக்கொண்டார்.
எனக்கு நீட்டவில்லை.
வியாழக்கிழமை அவருடைய வக்கீல் கடிதம் வந்தது,
அதே சுவர், அதே அரை மீட்டர்,
புதிய முத்திரை.

அன்றிரவு வேலை முடித்துக் காரைப் பின்னோக்கி எடுத்தேன்,
என் முற்றத்துக்குள் அவர் தள்ளிக் கட்டிய
அந்த வெள்ளைச் சுவர்வரை.
அழுத்தினேன். கண்ணாடியில்
இரண்டு சிவப்பு வட்டம், தெளிவாக, சமமாக.
விட்டேன். இருட்டு.
அழுத்தினேன்.
அரை மீட்டர் அந்தப் பக்கம் இருந்திருந்தால்
இவ்வளவு நன்றாகத் தெரிந்திருக்காது.
இதை நான் யாரிடமும் சொல்லப் போவதில்லை,
முக்கியமாக என் வக்கீலிடம்.