மூட்டக்கண்

முதலில் என்னைத்தான் கேட்டார் டாக்டர்.
பீடியா, சிகரெட்டா?
இரண்டும் இல்லை சார், வெற்றிலைகூடப் போடுவதில்லை.
அப்புறம் சட்டையில் ஏன் இத்தனை புகை?

கரிமூட்டம் போடுகிறேன் என்றேன்.
பெஞ்சின் விளிம்பைப் பிடித்துத்
தோள் ஏறி இறங்க உட்கார்ந்திருந்த நம்புச்செல்வி
சொல்லாதே என்பதுபோல் பார்த்தாள்.
சொல்லியாகிவிட்டது.

கடலுக்குள் அவள் வேறு ஆள்.
விரலுக்குத் துணி சுற்றி, காலில் தகரத் தட்டுக் கட்டி
பாருக்கடியில் இறங்கினால்
மரிக்கொழுந்துப் பாசி இல்லாமல் மேலே வரமாட்டாள்.
வள்ளத்தில் இருப்பவர்கள் எண்ணுவார்கள்:
அறுபத்தொன்று, அறுபத்திரண்டு,
ஏய், என்னடி இன்னும்,
அறுபத்தெட்டில் தலை தெரியும்.
சிரித்துக்கொண்டு.

அந்த மூச்சு கரையில் எங்கே போய்த் தொலைகிறது என்று
மூன்று வருடம் தேடினோம்.
வாடை திரும்பும் மாதங்களில்
இரவு இரண்டு மணிக்குமேல்
தண்ணீர்க் குடத்தைக் கட்டிக்கொண்டு குனிந்திருப்பாள்.
நெஞ்சுக்குள் யாரோ ஓட்டைச் சங்கை ஊதுவார்கள்.
கடல் ஈரம் என்றார்கள்.
ஏர்வாடியில் தண்ணீர் ஓதி வாங்கிவந்தேன்.
சாயல்குடியில் ஒருவர் ஊசி போட்டார், இரண்டு நாள் கேட்டது.

உங்கள் அப்பாவுக்கு இழுப்பு உண்டா?
அவள் தரையைப் பார்த்தாள். உண்டு.
பெண் பார்க்க வந்த அன்று மாமனார்
தோப்புக்குப் போயிருப்பதாகச் சொன்னார்கள்.
எட்டு வருடம் கழித்து
ஆஸ்பத்திரியில் வைத்துத்தான் திரும்பி வந்தார்.

விறகடுப்பு, கருவாட்டுத் தூசி, கொசுவர்த்தி
என்று கேட்டுக்கேட்டு எழுதிய டாக்டர்
கடைசியில் ஒரு படம் போட்டார்.
ஒரு குழாய். உள்ளே வீங்கிய சுவர்.
நடுவில் நூல் நுழையும் வழி.

எனக்கு அந்தப் பாடம் தேவையில்லை.
பத்தொன்பது வருடமாக அதுதான் தொழில்.
சீமைக்கருவையை அடுக்கி, வைக்கோல் மூடி, மண் பூசி
சுற்றிலும் கண் விடுவேன்.
காற்று கூடினால் விறகு சாம்பல்.
குறைந்தால் அணைந்துபோகும்.
எரியவும் விடாமல் சாகவும் விடாமல்
கைப்பிடி கைப்பிடியாக மண் எடுத்து
ஒவ்வொரு கண்ணாக அடைக்க வேண்டும்.
வெள்ளைப் புகை நீலமானால்
உள்ளே கரி விளைந்துவிட்டது என்று அர்த்தம்.

அவள் உதடு நீலமாவதை
ஒரு ராத்திரி டார்ச் வெளிச்சத்தில் பார்த்தேன்.
அன்றைக்குத்தான் 108க்கு அடித்தது.

இப்போது வீட்டில் இரண்டு பம்ப்.
காவி நிறத்தது காலையும் இரவும்,
இழுத்தபின் வாய் கொப்பளிக்க வேண்டும்.
நீலம், பிடித்துக்கொள்ளும்போது மட்டும்.
நல்லா இருக்கிற நாளிலும் எதுக்கு மருந்து என்றாள்.
மூட்டத்துக்குக் காவல்
தீப்பிடித்த பிறகா இருப்போம் என்றேன்.
பம்ப்பு பழகிடும்டி என்றாள் பக்கத்துவீட்டு செபஸ்தியம்மாள்.
சோறும்தான் பழகிப்போச்சு மதினி, விட்றவா?

நீலத்தை பாலித்தீன் பையில் முடிந்து
வள்ளத்தில் கொடுத்துவிட்டுத்தான் குதிக்கிறாள்.
நான் ஊருணியில் குளித்து,
சட்டையை முள்ளில் மாட்டிவிட்டு,
வெறும் உடம்போடு வீட்டுக்குள் நுழைகிறேன்.
தலைமுடியில் ஒட்டியதை என்ன செய்வது?
மொட்டை போடு என்கிறாள்.

வேறு வேலை பார்க்கச் சொன்னார் டாக்டர்.
பார்க்கிறேன் சார் என்றேன்.
உப்பளத்தில் கேட்டேன். ஆள் இருக்கிறதாம்.

சோழகம் அடித்தால் கவலையில்லை,
புகை வடக்கே பொட்டலுக்குப் போய்விடும்.
நேற்று வாடை.
ஏஜெண்டின் லாரி வெள்ளிக்கிழமை.
மூன்றாம் நாள் மூட்டம், புகை தாழப் படுத்து
ஊர்ப்பக்கம் ஊர்ந்துகொண்டிருந்தது.
எங்கள் வீட்டு லைட் தெரிந்தது.
கடைசிக் கண்ணை அடைக்கப் போன கை
மண்ணோடு அப்படியே நின்றது.
அறுபத்தெட்டு வரை எண்ணினேன்.
பிறகு அடைத்தேன்.