ஏழாம் கட்டம்

புளியரை சோதனைச் சாவடியில்
அனுமதிச் சீட்டின் ஏழாம் கட்டத்துக்குத்
தாவரவியல் பெயர் என்று தலைப்பு.
பதினோரு வருஷமாக நான்தான் நிரப்புகிறேன்.
அஞ்சல் வழியில் படித்த பி.எஸ்சி.
இந்த ஒரு கட்டத்துக்குத்தான் ஆயிற்று.

ஆடிச் சாரல். இரவு இரண்டு மணி.
கோட்டைவாசல் வளைவுகளில் உறுமி இறங்கியது
புனலூர் லாரி. ஓட்டுநர் பேபிச்சன்.
சரக்கு என்ன என்ற இடத்தில்
ஆங்கில எழுத்து நான்கு.
நான் பலா என்று படித்தேன்.
அவர் பால என்று படித்தார்.
நெடிலை எங்கே வைப்பதென்று
அந்த நான்கு எழுத்துக்குத் தெரியாது.

பலா என்றால் வேறு கட்டணம்,
ரேஞ்சர் கையெழுத்து,
ரேஞ்சர் காலையில்தான் வருவார்.
"ப்லாவல்ல மேடம். பால. பால."
தன் முழங்கையை விரலால் கீறி
பால் வடிவதாகச் சொட்டிக் காட்டினார்.

இதற்குத்தான் லத்தீன் என்றார்கள் பயிற்சியில்.
யாருக்கும் தாய்மொழி இல்லையாம்,
அதனால் யாருக்கும் சண்டை இல்லையாம்.
பாதிதான் உண்மை.
மொரிங்கா என்று எழுதும்போதெல்லாம்
துபாய் போய்த் திரும்பிய மைத்துனன் மாதிரி
செண்ட் மணக்க உள்ளே வருகிறது முருங்கை.
டெக்டோனாவைக் கிரேக்கத்துத் தச்சன் என்பார் ஒருவர்.
நம் தேக்கைத்தான் போர்த்துக்கீசியன்
மென்று துப்பினான் என்பார் இன்னொருவர்.
வேம்பு, ஆசாதிராக்டா:
பாரசீகத்தில் அது சுதந்திர மரம்.
ஆனாலும் சீட்டில்லாமல்
தடுப்புக் கம்பை அதற்கும் தூக்குவதில்லை நாங்கள்.

பலாவுக்கு ஆர்ட்டோகார்ப்பஸ். ரொட்டிக் கனி.
பசித்தால் ரொட்டி மட்டுமே
நினைவுக்கு வருகிற யாரோ வைத்த பெயர்.
பாலைக்கு அல்ஸ்டோனியா ஸ்காலரிஸ்.
முன்பாதி எடின்பரோவில் பாடம் நடத்திய ஓர் ஆசிரியர்.
பின்பாதி, பள்ளிக்கூடத்துக்கு உரியது.
எழுதுபலகை இதில்தான் அறுத்தார்களாம்.
நம் பக்கம் ஏழிலைப்பாலை.
காம்புக்காம்பாய் எண்ணிப் பார்த்திருக்கிறேன்,
ஐந்தும் உண்டு, எட்டும் உண்டு.
லத்தீன் எண்ணாமலே தப்பித்துக்கொண்டது.

தார்ப்பாயை விலக்கி டார்ச் அடித்தேன்.
பலா என்றால் மஞ்சள் கண்ணில் குத்தும்.
இது வெள்ளை.
அப்போதுதான் குளித்து வந்ததுபோல் வெள்ளை.
கோவில்பட்டிக்குப் போகிறது, தீக்குச்சிக்கு.
பள்ளிக்கூட மரம்,
பெட்டிக்கு நாற்பது குச்சியாக.

எழுத உட்கார்ந்தால் மை தீர்ந்திருந்தது.
நனைந்த முடியைப் பின்னால் தள்ளி
ஜன்னல் வழியாகக் கை நீட்டினேன்:
"பேனா இருக்கா?"

மனிதர் இரண்டடி பின்னால் போனார்.

அவர் ஊரில் பால மரத்தில் யட்சி இருப்பாள்.
இரவில் தனியே வருகிறவனிடம்
சிரித்தபடி சுண்ணாம்பு கேட்பாள்.
காலையில் மரத்தடியில்
பல்லும் நகமும் மட்டும் கிடக்கும்.
பேபிச்சன் என் பெயர்ப்பட்டையை
எழுத்துக்கூட்டினார், டீக்கடை போர்டுகளில் கற்ற தமிழில்.
இ. ச. க். கி.
"இசக்கின்னு வெச்சா..."
"யட்சிதான்" என்றேன்.
"மலை இறங்கினதுல எழுத்து தேஞ்சிட்டுது."

சொல்லியிருக்கக் கூடாது.
மேசைக்கு அடியில் குனிந்து
என் காலைப் பார்த்தார்.
ரப்பர் செருப்பு, சேறு,
ஒரு விரலில் பிளாஸ்திரி.
தரையில்தான் இருந்தது.

அப்புறமும் பேனாவைக் கையில் தரவில்லை.
மேசை ஓரத்தில் வைத்து விரலால் தள்ளினார்.
எழுதினேன். முத்திரை குத்தினேன்.
கம்பு உயர்வதற்குள் முதல் கியரில் இருந்தது லாரி.

பேனாவைத் திருப்பி வாங்கவில்லை.
புனலூரில் ஏதோ கடை கொடுத்தது போல.
உடம்பு முழுக்க மலையாள எழுத்து.
அடுத்த வண்டி வரும்வரை
எழுத்துக்கூட்டிக்கொண்டிருக்கிறேன்.
இரண்டாம் எழுத்தில் நிற்கிறேன்,
குறிலா நெடிலா என்று.