மூன்றாம் சுற்று

முறுக்கான் கடையில் இரண்டு ரூபாய்க்குச் சுண்ணாம்பு.
கரைத்துத் தெளியவிட்டு
ஒரே ஒரு காகிதக் கப்பில்.
மற்ற முப்பத்தொன்றிலும் குழாய்த் தண்ணீர்.
எது எதுவென்று எனக்கே தெரியாதபடி
தட்டைச் சுழற்றி நீட்டினேன்.

குளச்சல். பதினொன்றாம் வகுப்பு.
சாப்பாட்டுக்குப் பிந்திய கணக்குப் பாடவேளை.
சன்னல் வழியே
நெத்தோலி உணக்கும் வாடை.

ஒரு சுற்றுக்கு ஒருவரோடு மட்டும்
தண்ணீரை மாற்றி ஊற்றிக்கொள்ளலாம்.
பிறகு மஞ்சள் பூசிய காகிதத்தில் ஒரு துளி.
சிவந்தால் தொற்றிவிட்டது.

ஒன்று, இரண்டு, நான்கு.
எட்டு என்று பலகையில்
முன்கூட்டியே எழுதிவிட்டுத் திரும்பினேன்.

ஆறு.

தாணுலிங்கம் பெஞ்சு பெஞ்சாகப் போய் எண்ணிவந்தான்.
ஆறேதான்.
"டீச்சரே, நானும் ரெஜிலாவும்
போன சுற்றுலயே செவப்பு" என்றாள் ஹமீதா,
"நாங்க ரெண்டுபேரும் மாத்திக்கிட்டா
புதுசா ஆருக்கு வரும்?"

ஏறிய வளைகோடு ஏன் குனிகிறதென்று சொல்ல
மூன்று நாள் வகைக்கெழுவோடு வந்திருந்தேன்.
எட்டைத் துடைத்தேன்.
அதன் கீழ்வட்டம் மட்டும்
கொஞ்சம் மிஞ்சிக் கிடந்தது.

பாடம் அங்கே முடிந்திருக்கலாம்.
"மொதல்ல ஆருக்க கப்புல இருந்து?"
பின்வரிசைக் குரல் ஒன்று.
உடனே எல்லோரும் எழுந்துவிட்டார்கள்.
வளைகோட்டுக்கு இல்லாத உற்சாகம்.
ஆறிலிருந்து நான்கு, நான்கிலிருந்து இரண்டு,
நீ யாரோடு மாற்றினாய், அவள் யாரோடு,
விரல் நீட்டி நீட்டிப் பின்னோக்கி வந்து
ஹமீதாவிடமும் ஆன்றோ பெர்ஜினிடமும் நின்றார்கள்.

அதற்கப்பால் வழியில்லை.
இரண்டு கப்பும் கலந்தபின்
எது எதற்குக் கொடுத்தது என்று
தண்ணீர் சொல்லாது.
எனக்கும் தெரியாது என்றேன்.
யாரும் நம்பவில்லை.

"நான்தான்னு எழுதிக்கிடுங்க டீச்சரே"
என்றான் ஆன்றோ, சிரித்துக்கொண்டே.
"அந்த வருசம் எங்க தெருவுல
தகரம் வச்சு அடச்சது எங்க வீட்டத்தான்.
எனக்குப் பழக்கம்."

அப்போது அவன் ஆறாம் வகுப்பில் இருந்திருப்பான்.
அவன் வீட்டில் எத்தனை பேர் மீண்டார்கள்?
'மீண்டோர்' என்று நான் எழுதிய எழுத்துக்கு அருகில்
என் கை நின்றுபோனது.
கேட்கவில்லை.

ஹமீதா தன் கப்பை
அவன் பெஞ்சுக்கு எடுத்துப் போனாள்.
"ஊத்துல" என்றாள்.
"ரெண்டும் செவப்புதான?"

மாற்றி ஊற்றிக்கொண்டார்கள்.
கொஞ்சம் சிந்தியது.
தாணுலிங்கம், பழக்கதோஷம்,
மறுபடி எண்ணினான்.