ஒன்பதாவது கேள்வி

படிவத்தில் ஒன்பதாவது கேள்வி:
படி இறங்கும்போது எவ்வளவு சிரமம்?
இல்லை, கொஞ்சம், மிதம், கடுமை, மிகக் கடுமை.
ஐந்து கட்டம். ஒன்றில் மட்டும் குறி.

கேள்வியை எழுதியவர்
ஏதோ ஒரு சமதரை தேசத்தில் இருந்திருக்க வேண்டும்.
படி என்றால் அவருக்கு
மாடிக்குப் போகும் பதினாறு பலகை,
பக்கத்தில் கைப்பிடி, காலடியில் கம்பளம்.
இது வால்பராய்சோ.
இங்கே தெருவே படிதான்.
ரொட்டி வாங்கப் படி, ஓட்டுப் போடப் படி,
சவப்பெட்டியும் ஆறு தோளில் சாய்ந்து சாய்ந்து
படி வழியாகத்தான் கடைசியாக இறங்குகிறது.

எழுபத்தொன்றாம் எண்: எயுலோகியோ பராசா.
முப்பத்தெட்டு வருஷம் துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர்.
எக்ஸ்ரேயில் அவருடைய வலது முட்டி
எலும்போடு எலும்பு,
நடுவில் ஒரு காகிதம் நுழைய இடமில்லை.
சன்னலுக்கு நேராக அதைப் பிடித்துப் பார்த்த மருத்துவர்
தேய்மானம் மூன்றா நாலா என்று தனக்குள் முனகி
நாலு என்று எழுதச் சொன்னார்.

ஊசிக்குழாயில் வெள்ளைத் தாள் சுற்றி வரும்.
உள்ளே மருந்தா உப்புத் தண்ணீரா
எனக்குத் தெரியாது. தெரியக் கூடாது.
நான் முட்டியைத் துடைத்துப் பிடித்துக்கொள்வேன்.
அவர் கூரையைப் பார்த்தபடி
பழைய கப்பல்களின் பெயர்களைச் சொல்லிக்கொண்டிருப்பார்,
ஊசி வெளியே வரும்வரை.

முதல் நாள், ஆறாம் வாரம், பன்னிரண்டாம் வாரம்.
ஏறுவது? கடுமை.
உட்கார்ந்து எழுவது? கடுமை.
இறங்குவது? இல்லை.
“நன்றாக யோசித்துச் சொல்லுங்கள், டோன் எயுலோகியோ.”
“யோசிக்க என்ன இருக்கிறது, யஸ்னா?
இறங்குகிறேன். வலிக்கவில்லை.”
குறித்துக்கொண்டேன்.
அவர் வாய்ச்சொல்தான் தரவு.

ஆகஸ்டில் மூன்று நாள் மழை.
மலை ரயில் பழுது.
இருபத்துநாலாம் வாரத்துக்கு அவர் வரவில்லை.
படிவத்தை நெகிழிப் பைக்குள் செருகிக்கொண்டு
நானே ஏறினேன், எண்ணிக்கொண்டே.
நூற்றுப் பத்தில் என் முட்டியே என்னிடம் பேசியது.
நூற்று முப்பதில் மேலிருந்து குரல்:
“நில்லுங்கள், நான் வருகிறேன்!”

சொல்லிவிட்டு முதுகைக் காட்டித் திரும்பினார்.
கப்பலின் ஏணியில் இறங்குவதுபோல
இரண்டு கையும் இரும்புக் குழாயில்,
முகம் மலைக்கு, முதுகு கடலுக்கு.
வலது கால் முதலில் கீழே தேடும்,
இடது வந்து அதன் பக்கத்தில் நிற்கும்.
கீரைக் கூடையோடு ஏறிவந்த பெண்
தலை நிமிராமல் ஒதுங்கினாள்.
படியில் படுத்திருந்த நாய்கூட
அவர் குதிகாலுக்கு இடம் விட்டது.

முப்பத்திரண்டு படி. என் முன்னால் வந்து திரும்பினார்,
மூச்சு வாங்கவில்லை.
“எத்தனை வருஷமாக இப்படி?”
“எப்படி?” என்றார்.

மழையில் அங்கேயே நின்று கேட்டேன், ஒன்பதாவது.
இல்லை, என்றார்.

திரும்பும்போது யாரும் பார்க்காத ஒரு வளைவில்
நானும் நாலைந்து படி அப்படி இறங்கிப் பார்த்தேன்.
கடல் காணாமல் போனது.
கண்ணுக்கு நேராக நான் விட்டுவந்த படி மட்டும்,
அதன் விளிம்பில் யாரோ பதித்த நீல ஓடு.
வலிக்கவில்லைதான்.

அப்புறம் மற்றவர்களை நினைத்தேன்.
நூற்றுத் தொண்ணூறு பேர்.
ஒவ்வொரு படியிலும் உட்கார்ந்து உட்கார்ந்து வருகிறவர்,
மகன்கள் நாற்காலியோடு தூக்கிவரும் பன்னிரண்டாம் எண்,
அந்த அம்மாளும் ‘இல்லை’ என்றுதானே சொன்னார்,
நானும் சந்தோஷமாகக் குறித்தேனே.

விளிம்பில் எழுதினேன்: பின்புறமாக இறங்குகிறார்.

சந்தியாகோவிலிருந்து பத்து நாளில் வினா வந்தது:
கட்டங்களுக்கு வெளியே எழுதக் கூடாது.
இதற்குக் குறியீடு இல்லை. நீக்கவும்.

அடித்தேன். பெயரின் முதலெழுத்து, தேதி.
மை பூசி மறைக்க அனுமதி இல்லை.
விதிப்படி ஒற்றைக் கோடுதான்,
அடியில் இருப்பதை
யாரும் படிக்க முடிய வேண்டும்.