தொள்ளாயிரம் பாகை

சிம் லிம் ஸ்குவேர், நான்காவது மாடி.
காலைப்பணி முடிந்து நேராக வந்திருக்கிறேன்,
சீருடைக்கு மேல் ஒரு மழைக்கோட்டு.
பாதி ஏறிய இரும்புக் கதவுக்கு அப்பால்
சுவர் முழுக்க
வண்டி இல்லாத ஸ்டீயரிங்குகள்.

டெஸ்மண்ட் என்று சட்டையில் பெயர் குத்திய பையன்
விலையைக் கேட்கவில்லை.
"வீட்டுல என்ன கார், ஆன்ட்டி?"
இல்லை என்றேன்.
லட்சம் வெள்ளி கட்டிப் பத்து வருஷ உரிமைச் சான்றிதழ் எடுத்து
அப்புறம் தனியாகக் காரையும் வாங்கும் ஊரில்
அது ஒன்றும் வினோதமான பதிலில்லை.
என்ன வேலை என்றான்.
ரயில் ஓட்டுகிறேன் என்றதும்
பெட்டி பிரித்துக்கொண்டிருந்தவன் நிமிர்ந்தான்.

ஓட்டுகிறேன் என்பதே கொஞ்சம் பெரிய சொல்.
பாசிர் ரிஸ்ஸிலிருந்து துவாஸ் லிங்க் வரை
ஒவ்வொரு வளைவும்
யாரோ ஏற்கெனவே திருப்பி வைத்தது.
காலாங் தாண்டி லாவெண்டருக்குள்
ரயில் தலைகுனிந்து இறங்கும்போதும்
என் கைக்கு வேலை
கதவு மூடுவது, திரையில் பார்ப்பது,
ஏதாவது கெட்டால் நிறுத்தத் தயாராக இருப்பது.
பதினோரு வருஷம்.
ஒரு நாளாவது இடப்பக்கம் போவோமா
என்று ரயில் என்னைக் கேட்டதில்லை.

முதலில் பல்சக்கரம். இருநூற்று எழுபது வெள்ளி.
திருப்பினேன்,
காபிக்கொட்டை அரைபடும் சத்தம்.
கீழ்வீட்டு மேடம் லோவை நினைத்துக்கொண்டேன்.
நாற்காலி நகர்ந்தாலே
கூரையைத் துடைப்பக்கட்டையால் இடிப்பவர்.

அடுத்தது பெல்ட். நானூற்று இருபது.
சத்தமில்லை. ஆனால்
எதையும் ஒரு நொடி மென்றுவிட்டுப்
பதில் சொல்கிற மனிதரைப் போல ஒரு தாமதம்.

மூன்றாவது நேரடி மோட்டார், ஆயிரத்து நூறு.
திரையில் மழை. நான் ஓரக்கல்லில் ஏறியதும்
சக்கரம் சுழன்று கையை உதறியது.
"கட்டைவிரலை உள்ளே கோக்காதீங்க, ஒடிஞ்சிரும்!"
விரலை வெளியே எடுத்துவிட்டு
மறுபடி அதே ஓரக்கல்லில் ஏற்றினேன்.
மறுபடி தள்ளியது.
நான் ஒன்று செய்தால்
வேண்டாம் என்று சொல்லத் தெரிந்த இயந்திரம்.
இன்னும் நான்கு சுற்று போனேன்.
பதினாறு பேரில் பதினாறாவது.
பின்னால் வந்தவர்களுக்கெல்லாம்
ஓரம் ஒதுங்கி வழிவிட்டதாக
டெஸ்மண்ட் சொல்லிச் சிரித்தான்.

பெடலில் மட்டும் நான் கறார்.
எல்லாரும் ஆக்ஸிலரேட்டரை மிதித்துப் பார்ப்பார்களாம்.
நான் பிரேக்கை மிதித்தேன்,
பத்து தடவை, பதினைந்து தடவை,
தானியங்கி சொதப்பும் நாளில்
ரயில் கதவும் நடைமேடைக் கதவும்
ஒரு சாண் தவறாமல் நேர்படும்படி
மிதித்துப் பழகிய அதே பொறுமையோடு.
இது பஞ்சு, என்றேன். இது பரவாயில்லை.
இது, பிரேக்.

ஆயிரத்து நூறைக் கடைசியாக ஒருமுறை தொட்டுவிட்டு
பெல்ட்டுக்குப் பணம் கட்டினேன்.
நல்ல பெடலுக்குத் தனியாக நூற்று எண்பது.

சீமெய் வீட்டில்தான் தெரிந்தது,
கிளாம்ப் வாய் திறப்பது நான்கு விரற்கடை;
எங்கள் சாப்பாட்டு மேசைப் பளிங்கு ஐந்து.
கடையில் இதை ஏன் அளக்கவில்லை
என்று பரிதி கேட்கவில்லை.
உள்ளே போய்
இஸ்திரி மேசையை விரித்துக்கொண்டு வந்தான்.
நாளைய சீருடை அதன் முனையில் இன்னும் சூடாக இருந்தது.
அதை எடுத்து நாற்காலியில் போட்டான்.

இரவு பத்தரை.
மேசையின் கால்கள் கிடுகிடுத்தன.
முதல் வளைவு வந்தது. திருப்பினேன்.
இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு
தொள்ளாயிரம் பாகை, இரண்டரைச் சுற்று.
அத்தனையும் தேவையில்லை என்று தெரியாமல்
அத்தனையும் திருப்பினேன்.

கார் புல்லில் ஏறி, வேலியைப் பார்த்து நின்றது.
பின்னால் எடுக்க வேண்டும்.
ரயிலில் பின்னால் போவதென்றால்
எழுந்து, கதவைப் பூட்டி,
ஆறு பெட்டி நடந்து
மறுமுனையில் போய் உட்கார வேண்டும்.
பாதி எழுந்தே விட்டேன்.

"பரிதி, இதுல ரிவர்ஸ் எங்க இருக்கு?"

அவன் கையேட்டின் சீனப் பக்கத்தைப் புரட்டிக்கொண்டிருந்தான்.
கீழிருந்து ஒரு தட்டு.
ஒன்றுதான். மெதுவாக.